சத்தம் போடாத கேமரா

கேட்டவளுக்கு நாற்பத்தாறு வயது. கேட்கப்பட்டவள் அவளைவிட இளையவள். ஆனாலும் கேட்டவள்தான் சிஷ்யை.

"ஃபுல் பிரேம் கேமராவா, மிரர்லெஸ்ஸா? ஒரு வார்த்தை சொல்லு மைமூன். காக்கா துபாயிலேருந்து வர்றாங்க. ரெண்டுல ஒண்ணுதான் வாங்கிட்டு வர முடியுமாம். எதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

மைமூன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை உதறி மடித்து வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஜொஹரா மாமி வீட்டுக் கல்யாணம். நேரத்தோட வந்துடுங்க லாத்தா."

இதுவா பதில்? பல்கீஸ் அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

கடலோரத்தில் இருந்தது அந்த ஊர். அங்கே கல்யாண வீடுகளில் ஆண்களின் கேமரா திரைச்சீலையோடு நின்றுவிடும். திரைக்கு உள்ளே பெண்கள். அங்கே முக்காடு கிடையாது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுக்காரிகளை வம்புக்கு இழுத்துப் பாடுவார்கள். அந்த அறைக்குள் கேமராவோடு போக மைமூன் ஒருத்திக்குத்தான் அனுமதி இருந்தது.

அவளுக்கு ஒரு வழக்கம். எல்லாம் முடிந்ததும் கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவி, பெண்ணைப் பெற்றவளின் கையில் கொடுத்துவிடுவாள். பிறகு ஒரு நாள் லேப்டாப்போடு அந்த வீட்டுக்கே வந்து, அவர்கள் கண் முன்னாலேயே படங்களைப் பொறுக்கி ஆல்பத்தை முடிப்பாள். திரும்பும்போது ஒரு படம்கூட அவளோடு போகாது.

பல்கீஸ் பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள். வேலையை விட்டபின் மைமூனிடம் வந்து சேர்ந்தாள். பையைச் சுமந்தாள், விளக்குப் பிடித்தாள், மைமூனின் பொறுப்பில் தன்னுடைய சின்னக் கேமராவில் ஓரமாக நின்று எடுத்துப் பழகினாள். தன் பெயரைச் சொல்லி ஒரு வீடாவது தன்னைக் கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஒருவரும் கூப்பிடவில்லை. உள்ளறைகளின் மங்கல் வெளிச்சத்தில் அவள் எடுத்த படங்கள் ரவை தூவியதுபோல இருந்தன. கேமராதான் காரணம் என்று அவள் நம்பினாள்.

துபாய் அண்ணனான காக்காவின் மனைவி வேறொன்று சொன்னாள்.

"உன் கையில நல்ல கேமரா வந்துட்டா அப்புறம் அவளை யாருடி கூப்பிடுவா? வாயத் திறப்பாளா அவ?"

"போங்க மதினி. அவ அப்படிப்பட்டவ இல்ல."

"இல்லன்னா சொல்லியிருப்பாளே."

அன்றிலிருந்து பல்கீஸுக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. மைமூன் தன்னை எப்போதும் ஜன்னல் ஓரமாகவே நிற்க வைப்பது ஏன்? தான் பக்கத்தில் போனதும் பையின் ஜிப்பை இழுத்து மூடுவது ஏன்? 'நல்லா வந்திருக்கு லாத்தா' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறாளே, அது ஏன்?

மறுபடி கேட்டாள்.

"ஃபுல் பிரேம்னா சென்ஸார் பெருசு. இருட்டுலயும் படம் சுத்தமா வரும். மிரர்லெஸ்னா எடை கம்மி. உள்ள கண்ணாடி ஏறி இறங்காது, அதனால சத்தமே இல்லாம எடுக்கலாம். நீ எதைச் சொல்றே?"

"ரெண்டையும் நல்லா படிச்சு வச்சிருக்கீங்களே."

"கிண்டல் பண்ணாதே. பதில் சொல்லு."

மைமூன் கொஞ்சம் யோசித்தாள்.

"மிரர்லெஸ் ஒண்ணை வாடகைக்கு எடுத்துப் பாருங்களேன். ஜொஹரா மாமி வீட்டுக்கே கொண்டுட்டு வாங்க."

பல்கீஸ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டாள் என்ற கேள்விதான் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை ஜொஹரா மாமியின் வீட்டில் உள்ளறை நிறையப் பெண்கள். மாமியின் மகள், மணப்பெண் சுமையா நடுவில் மருதாணிக் கைகளோடு உட்கார்ந்திருந்தாள். தட்டுத் தட்டாக, பல்லில் ஒட்டும் இனிப்பான தொதல் வந்துகொண்டிருந்தது. மைமூன் தன் பழைய கேமராவோடு பெண்ணின் பக்கம் இருந்தாள். அவள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் 'டக்' என்று ஒரு சத்தம்.

பல்கீஸ் கொண்டுவந்த வாடகைக் கேமராவில் சத்தம் இல்லை. முதல் வேலையாக அதை நிறுத்தி வைத்திருந்தாள்.

இப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததே இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் வாயை மூடிச் சிரிப்பை அடக்கவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் காதில் எதையோ சொல்லித் தொடையில் தட்டினாள். இளம் தாய் ஒருத்தி சுவரோடு சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே உறங்கினாள். பல்கீஸ் அறை முழுக்கச் சுற்றி வந்தாள். மைமூனின் ஆல்பங்களில்கூட இப்படிப்பட்ட முகங்களை அவள் பார்த்ததில்லை. இதற்குப் பயந்துதான் மைமூன் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா நஃபீசா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, என்னை ஒண்ணு எடு."

"எடுத்துட்டேன் பெரியம்மா."

"எப்ப?"

"இப்பதான்."

"சத்தமே வரல?"

"இதுல சத்தம் வராது. புதுசு."

நஃபீசா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"சும்மா சொல்லாதே. எடுக்காமலே எடுத்தேங்கிறியா?"

நம்பட்டும் என்று பல்கீஸ் கேமராவைத் திருப்பித் திரையைக் காட்டினாள். அவசரத்தில் விரல் தவறி, முந்தைய படம் ஒன்று வந்தது. தொதல் ஒட்டிக்கொண்டதால் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்து, பொக்கை வாயோடு அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் நஃபீசா.

எட்டிப் பார்த்தவள் ஒருத்தி வெடித்துச் சிரித்தாள். "யா அல்லாஹ், பெரியம்மா, பல்லு!"

"என் பல்லைக் கழட்டினதையுமா எடுத்தே?"

சிரித்தவள் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள். அவளும் தொதல் தின்றவள்தான்.

"அப்ப என்னையும் எடுத்தியா?" பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் துண்டை இழுத்துப் போர்த்தினாள்.

பல்கீஸ் பதில் சொல்லத் தாமதித்தாள். அந்தத் தாமதம் போதுமாக இருந்தது.

ஒரு முக்காடு ஏறியது. பக்கத்தில் இன்னொன்று. பாட்டு பாதியில் நின்றது. நீட்டியிருந்த கால்கள் மடங்கின. கொஞ்ச நேரத்தில் அந்த அறை, ஆண்கள் யாரோ உள்ளே வந்துவிட்டதுபோல ஆகிவிட்டது.

ஜொஹரா மாமி வந்தாள்.

"எங்களை எப்ப எடுத்தே, எப்ப எடுக்கல?"

"அழிச்சுடறேன் மாமி. உங்க முன்னாடியே அழிச்சுடறேன்."

"அழிச்சாலும் திருப்பி எடுத்துடலாமாமே. என் மகன் சொல்லியிருக்கான்."

அது உண்மை என்று பல்கீஸுக்குத் தெரியும். பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

மைமூன் எழுந்து வந்தாள். பல்கீஸின் கையிலிருந்து கேமராவை வாங்கி, மூடியைத் திறந்து கார்டை உருவி மாமியிடம் கொடுத்தாள். மாமி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். நஃபீசாவின் கண்கள் மட்டும் கேமராவைவிட்டு அகலவில்லை.

"அந்தப் பொந்துல இன்னும் ஒண்ணு தெரியுதே, அது என்ன?"

அந்தக் கேமராவில் இரண்டு கார்டுகள் உண்டு. எடுக்கிற படம் இரண்டிலும் பதியும். வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் பல்கீஸிடம் சொல்லித்தான் கொடுத்தார். அவள் மறந்தே போயிருந்தாள்.

"அது வந்து... ஒரு கார்டு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு..."

"ஒண்ணை எங்ககிட்ட கொடுத்துட்டு இன்னொண்ணை வீட்டுக்குக் கொண்டு போறதுக்குன்னு சொல்லு," என்றாள் நஃபீசா.

மைமூன் இரண்டாவது கார்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

பின்கட்டில் பிரியாணி தேக்சாக்கள் தம்மில் இருந்தன. பல்கீஸ் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். வெகுநேரம் கழித்து மைமூன் வந்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றாள் பல்கீஸ், திரும்பாமலே.

"என்ன லாத்தா?"

"இப்படி ஆகும்னு. தெரிஞ்சுதான் கொண்டு வரச் சொன்னே."

"அவங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும்."

மறுப்பாள் என்று நினைத்திருந்தாள். மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"இந்த ஊர்ல இனி என்னை யாரும் உள்ள விடக்கூடாது. அதானே உனக்கு வேணும்?"

"போன வாரமே நான் 'அது வேணாம் லாத்தா'ன்னு சொல்லியிருந்தா, வீட்டுக்குப் போய் மதினிகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

பல்கீஸ் முகத்தைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"மதினி உங்கிட்ட ஏதாவது..."

"மதினி எல்லார்கிட்டயும்தான் சொல்றாங்க."

தேக்சாவின் மூடிமேல் இருந்த கங்கு ஒன்று தரையில் விழுந்து புகைந்தது. மைமூன் அதைக் காலணியால் ஓரமாகத் தள்ளினாள்.

"ஆனா நீங்க படத்தைக் காட்டுவீங்கன்னு நான் நெனக்கல. பெரியம்மா பாவம். அது வரைக்கும் போக விட்டது என் தப்புதான்."

பல்கீஸ் குழாய் மேடையில் உட்கார்ந்தாள். பழைய வாத்தியார் குரல் திரும்பி வந்தது.

"இதுல சத்தம் வர்ற மாதிரியும் வச்சுக்கலாம் மைமூன். அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு."

"சத்தத்தை நிறுத்தவும் ஒரு செட்டிங் இருக்குன்னு இப்ப உள்ள எல்லாருக்கும் தெரியுமே."

"அப்ப ஃபுல் பிரேமே சொல்லிடறேன். காக்கா பார்த்து வச்சிருக்கிறது உன்னோடது மாதிரி கண்ணாடி வச்சதுதான். சத்தத்தை நிறுத்தவே முடியாது."

"சொல்லுங்க. நல்ல கேமரா."

"மிரர்லெஸ்ஸு?"

"அதுவும் நல்ல கேமராதான்."

"விளையாடறியா?"

"இல்ல லாத்தா."

மைமூன் தன் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி பல்கீஸின் கழுத்தில் மாட்டினாள். உள்ளே ஒரு குலவை எழும்பப் பார்த்து, துணைக்கு யாரும் சேராததால் அடங்கியது.

"கருகமணி கட்டப் போறாங்க. வாங்க, நீங்கதான் எடுக்கணும்."

"நானா? ஜொஹரா மாமி என்னை வாசல்படி மிதிக்க விடுவாங்களா?"

"கேட்டுட்டேன். நான் பக்கத்துலயே நிக்கணுமாம். முடிஞ்சதும் நீங்க உங்க கையால கார்டை எடுத்துக் கொடுக்கணுமாம். அதுக்குத்தான் இவ்வளவு நேரம்."

"உனக்காக ஒத்துக்கிட்டாங்க."

"எனக்காகத்தான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். அடுத்த தடவை நான் கேட்க மாட்டேன்."

இருவரும் உள்ளறை வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை, தாலியாகக் கட்டும் கருகமணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பல்கீஸைப் பார்த்ததும் எல்லாத் தலைகளிலும் முக்காடு இன்னும் ஒரு விரல் முன்னால் வந்தது. சிலர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நஃபீசா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நேராக அவளையே பார்த்தாள்.

பல்கீஸின் கால் நிலைப்படியிலேயே நின்றுவிட்டது.

"இதுல என்னத்தை எடுக்கிறது? ஒரு முகம்கூடத் தெரியல. நீ முதல்முதலா உள்ள வந்தப்ப இந்தக் கேமராதானே வச்சிருந்தே? இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே உன்னை நம்பினாங்க?"

"எங்க நம்பினாங்க? எவளோ ஒரு கேமராக்காரி வந்திருக்கான்னு இப்படியேதான் உட்கார்ந்திருந்தாங்க. இந்தப் பெரியம்மாவும் இருந்தாங்க."

"அப்புறம் எப்பதான் முக்காடு விலகுச்சு?"

மைமூன் ஜன்னல் திரையை ஒதுக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டாள்.

"அந்தக் கல்யாணத்துல விலகவே இல்ல லாத்தா. முக்காட்டோடயே படம் புடிச்சு, கார்டைக் கொடுத்துட்டு வந்தேன்."