பதில் சொல்லாத ரோபோ

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலின் எண்ணெய்த் தொட்டி கழுவ ஒரு கூட்டம் உண்டு. தொம்மை மேஸ்திரி, இன்னாசி, சந்தியாகு என்று மூன்றே பேர். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு.

தொம்மைக்குத் தொட்டி என்றாலே பயம். போன வருடம் உள்ளே விஷக்காற்றில் மயங்கி, கயிறு கட்டித் தூக்கியெடுத்த ஆள் அவர். இன்னொரு தடவை இறங்கினால் வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் தொட்டி கழுவுகிற ரோபோ வந்திறங்கிய அன்று மனுஷன் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

"இனி உள்ள இறங்குறது இவன் வேலை, மேல காவல் இருக்கிறது உங்க வேலை. இவனையும் உங்கள்ல ஒருத்தனா நெனச்சுப் பாத்துக்கோங்க. சாயங்காலம் கப்பல் கெளம்பணும்," என்றார் இஞ்சினியர் கோமதிநாயகம். சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

ஒருத்தனாக நினைத்தாயிற்று. ரோபோவுக்கு இடுப்பு எங்கே என்று தேடிப்பிடித்துக் கயிறு கட்டினார்கள். தலைக்கவசம் மாட்டி இறக்கினார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் சந்தியாகு விதிப்படி தொட்டியின் வாயில் குனிந்து, "எப்பா, நல்லாருக்கியா?" என்று கேட்டான்.

பதில் இல்லை.

பதில் வராத ஆளை உடனே தூக்க வேண்டும். தூக்கினார்கள். இன்னாசி சட்டையைக் கழற்றி விசிறினான். குடிக்கச் சோடா உடைத்துவிட்டு, வாயைக் காணோமே என்று தலையில் ஊற்றினான். தெளிந்திருக்கும் என்று மறுபடி இறக்கினார்கள்.

மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை இறக்கி, ஒன்பது தடவை தூக்கியாயிற்று. தொட்டியில் கசடு அப்படியே கிடந்தது.

"மயக்கம் போட்டவன அன்னைக்கு மறுபடி இறக்கக்கூடாதே மேஸ்திரி," என்றான் இன்னாசி.

"ஒம்பது தடவ இறக்கிட்டோம். பாவம்லா!" என்றான் சந்தியாகு.

தொம்மை ரோபோவைத் தடவிக்கொடுத்தார். "முடியலன்னு ஒரு வார்த்த சொன்னானாடே? நல்ல பய. நம்மள்ல ஒருத்தனுக்கு முடியலன்னா என்ன செய்வோம்?"

"அவன் வேலைய நாம பாப்போம். அவன நெழல்ல காவலுக்கு உக்கார வைப்போம்," என்றார்கள் இருவரும்.

அப்படியே செய்தார்கள். காற்றைச் சோதித்துவிட்டு மூவரும் இறங்கினார்கள். ஏணியில் கால் வைத்ததும் தொம்மைக்கு மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் கூட்டாளிக்காக இறங்கினார்.

சாயங்காலம் கோமதிநாயகம் வந்து பார்த்தால், குடை நிழலில் ரோபோ மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

"யோவ் தொம்மை! உள்ளயா இருக்கீங்க? ஏறி வாங்கய்யா!"

"கழுவி முடிச்சாச்சு சார். ஆனா விதிப்படி மேல காவலுக்கு இருக்கவன் கூப்பிட்டாத்தான் ஏறணும். இன்னும் கூப்பிடல."

"அது பேசாதுய்யா!"

"பரவால்ல சார், காத்திருக்கோம்."

அரை மணி நேரம் கெஞ்சியும் அதட்டியும் பார்த்தார். கப்பல் ஊதத் தொடங்கிவிட்டது. கடைசியில் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, ரோபோவுக்குப் பின்னால் குந்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தொம்மை, ஏறி வா," என்றார்.

மூவரும் விழுந்தடித்து ஏறி வந்தார்கள். தொம்மை ரோபோவைக் கட்டிக்கொண்டார்.

"பேசிட்டான் சார்! ஆனா கொரலக் கேட்டீங்களா? பயலுக்கு மூக்கு அடச்சிருக்கு. ஒரு வாரம் லீவு குடுத்துருங்க. அதுவரைக்கும் அவன் வேலைய நாங்க பாத்துக்கிடுதோம்."