வெறுங்குழாயின் சாட்சி

ஒரு காலத்தில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், இருபத்து மூன்று சின்னஞ்சிறு குழாய்கள் ஒரே தாங்கியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. ஆனால் அவை அடித்துக்கொண்ட பெருமைக்கு அந்தக் கட்டடமே போதாது.

இருபத்திரண்டு குழாய்களில், ஞாபகம் நழுவிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேரின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீர் இருந்தது. இருபத்து மூன்றாவதில் வெறும் சுத்தமான தண்ணீர். மனிதர்கள் அதை 'பிளாங்க்' என்பார்கள். மற்ற குழாய்கள் அந்த மரியாதைகூடக் கொடுக்காமல் வெறுங்குழாய் என்றே கூப்பிட்டன.

"போன தடவ பெரிய மெஷின்ல நான் ஏறினப்ப, திரையில மலை மாதிரி கோடு எழும்புச்சு," என்றது ஏழாம் குழாய்.

"என் மலை அதவிட ஒசரம்," என்றது பதினொன்று. "இவனப் பாவம், போன தடவ ஏத்தவே இல்ல; ஏத்தினாலும் நேர்க்கோடுதான். ஓசிச் சவாரிக்கு வர்ற பய!"

வெறுங்குழாய்க்கு மட்டும் ஆசை இருக்காதா என்ன? மலை வேண்டாம், ஒரு சின்ன மேடாவது தன் பெயரில் எழும்பாதா என்று அது உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஆய்வகத்துப் பேராசிரியர் மரகதவல்லி ஒரே மேஜையில் இரண்டு வேலை பார்ப்பவர். ஒரு பக்கம், தண்ணீர் காட்டாமல் வாடவிட்ட கேழ்வரகு இலைகளை அரைத்து, வாட்டத்தில் இலை சுரக்கும் ஹார்மோனை அளப்பார். மறுபக்கம், மறதி நோய்க்காரர்களின் ரத்தத்தை ஆராய்வார். நான்கு வருடங்களுக்கு முன் அந்த இலை ஹார்மோன் நோயாளிகளின் ரத்தத்திலும் தலைகாட்டியது. நோயை முன்கூட்டியே கண்டுகொள்ள இது ஓர் அடையாளமாகுமோ என்று அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை.

நல்ல நினைவுள்ளவர்களின் ரத்தத்தில் அது இல்லை. ஆனால் இடம் போதாமல் அந்த ரத்தத்தை வேறு கட்டடத்தில் வைத்துப் பரிசோதித்துவிட்டார்கள். வினை அங்கேதான் வந்தது. கட்டுரையை அனுப்பிய பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது: "உங்கள் மேஜையிலேயே இலை அரைக்கிறீர்கள். ரத்தத்தில் நீங்கள் கண்டது இலைத்தூசி இல்லை என்பதற்கு என்ன சாட்சி?"

கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் அது அவருக்கு இன்னும் வலித்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பரிசோதிக்க உட்கார்ந்தார்.

ஆய்வக உதவியாளர் ஸ்டீபன் இருபது வருட அனுபவஸ்தர். குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் எதிரெதிரே சம எடை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது பேயாட்டம் ஆடும். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"மேடம், ஒத்தப்படையா இருக்கு. இந்த வெறும் தண்ணிய எடுத்துட்டா சரியாப் போயிரும்."

"அதத் தொடாதீங்க ஸ்டீபன். அதத் தூக்கிப் போட்டா, மத்த இருபத்திரெண்டையும் கூடவே தூக்கிப் போட வேண்டியதுதான்."

குழாய்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெறுங்குழாய்க்கோ தலைகால் புரியவில்லை.

பேராசிரியருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. ஸ்டீபன் பழக்கதோஷத்தில், எடைக்கு எடை சரியாக இருந்த ஒரு குழாயைப் பக்கத்திலிருந்து எடுத்து, வெறுங்குழாய்க்கு எதிரே செருகினார். அது இலைச்சாற்றுக் குழாய். அதன் மூடியில் ஒரு விரிசல் வேறு.

இயந்திரம் சுற்றி நின்றது. ஸ்டீபன் இரண்டையும் ஒரே கையில் எடுத்தபோது தலையோடு தலை இடித்தது. பச்சைச் சொட்டு ஒன்று வெறுங்குழாயின் மூடி விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்டது. தாங்கியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தன.

"என்ன தம்பி, மூடியக் கொஞ்சம் தளர்த்தேன்," என்றது இலைச்சாறு. "ஒரு சொட்டு உள்ள போனாப் போதும். இந்த ஊரே பாக்குற மாதிரி மலை எழும்பும். அப்புறம் ஒன்ன யாரு வெறும்பயன்னு சொல்லுவா?"

வெறுங்குழாயின் மூடி லேசாக நெகிழ்ந்தது. சத்தியமாக நெகிழ்ந்தது.

"வேணாம்!" என்று அலறியது பதினான்காம் குழாய். "நான் ஒரு தையல்காரரோட ரத்தம். அவரு கையில ஊசியப் பிடிச்சுக்கிட்டு, எதுக்குப் பிடிச்சோம்னு தெரியாம நிக்கிறாரு. எங்கிட்ட இருக்குற ஹார்மோன் அவரோடதுதான். ஆனா நான் சொன்னா யாரு நம்புவா? நீயும் எங்களோடதான் வந்த. அதே கை, அதே மேஜை, அதே காத்து. தூசி பட்டிருந்தா ஒன்மேலயும் பட்டிருக்கணும். உங்கிட்ட ஒண்ணும் இல்லன்னாத்தான் நான் சொல்றது நெசம்னு ஆகும்."

இத்தனை நாள் யாரும் அதனிடம் எதையும் கேட்டதில்லை. வெறுங்குழாய் மூடியை இறுக்கிக்கொண்டது.

அப்போதுதான் ஸ்டீபன் தன் கையுறையில் பச்சைக் கறையைப் பார்த்தார்.

"மேடம்... எலைச்சாறப் போயி எதிர்ல வச்சுட்டேன். பிளாங்க்கு மேல பட்டிருச்சு."

மரகதவல்லி போனை வைத்துவிட்டு ஓடி வந்தார். சொட்டு உள்ளே போயிருந்தால் நான்கு வருடமும் போச்சு. மூடியை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தார். "இன்னொண்ணு எடுத்துக்கலாமே மேடம்?" என்றார் ஸ்டீபன்.

"மத்ததுகூட சேந்து சுத்தி வந்தது இதுதான். புதுசுக்கு என்ன தெரியும்? இதையே போடுங்க."

பெரிய மெஷின் முகதாட்சண்யம் பார்க்காத ஜென்மம். ஒவ்வொரு குழாயாக உறிஞ்சி, உள்ளே எவ்வளவு ஹார்மோன் என்று அளந்தது. திரையில் இருபத்திரண்டு மலைகள் எழும்பின. எந்தக் குழாயும் இந்த முறை பெருமை பேசவில்லை. கடைசியில் வெறுங்குழாயின் முறை வந்தது.

கோடு கிளம்பியது. நேராகப் போனது. ஹார்மோன் எழும்ப வேண்டிய இடம் நெருங்கியது. ஸ்டீபன் கண்ணை மூடிக்கொண்டார். கோடு அந்த இடத்தையும் தாண்டி, ஒரு நெளிவுகூட இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமில்ல!" என்று கத்தினார் மரகதவல்லி. "ஸ்டீபன், ஒண்ணுமே இல்ல! கண்ணத் தொறந்து பாருங்க! இவ்ளோ கிட்டக்க எலைச்சாறு இருந்தும் ஏறலன்னா, ரத்தத்துல இருக்கறது ரத்தத்தோடதுதான்!"

அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தவர், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டீபன் கையுறையைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். குழாய்களும் நிம்மதியாக மூச்சு விட்டன.

பிறகு மரகதவல்லி பத்திரிகைக்குப் பதில் எழுதினார். இணைக்க வேண்டிய படங்களை அடுக்கினார். முதல் படமாக அந்த நேர்க்கோட்டை வைத்தார். இருபத்திரண்டு மலைகளும் அதன் பின்னால் வரிசையில் நின்றன.