செதிலில் ஏழு கோடுகள்

சுண்ணாம்புக்கல் குவாரியை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. பல கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்து, எலும்பும் செதிலும் கல்லாகிப்போன மீன்களை ஊசியால் சுரண்டி வெளியே எடுப்பதுதான் அங்கே வேலை.

அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் நாச்சியார். வயது நாற்பது. கற்றுக்கொள்ள வந்தவர் தணிகாசலம். வயது அறுபத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் செவ்வந்தி, இரண்டு வருடங்களுக்கு முன் கால்வாயில் மூழ்கி இறந்துபோனாள்.

எந்த மீனைக் கொடுத்தாலும் தணிகாசலம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“இது எப்படிச் செத்துச்சு, டீச்சர்?”

“தெரியலை ஐயா. வாலிலிருந்து ஆரம்பிங்க.”

அது பட்டறையின் வழக்கம். தலை எலும்பு மெல்லியது. கை பழகிய பிறகு, கடைசியில்தான் அங்கே போக வேண்டும்.

ஒருநாள் உள்ளங்கை அளவு மீன் ஒன்று வந்தது. அதன் வாய் திறந்திருந்தது.

“மூச்சுக்குத் தவிச்சிருக்கு, டீச்சர்.”

“இருக்கலாம். செத்த பிறகும் சில மீனுக்கு வாய் திறக்கும்.”

“இதுக்கு எப்படி?”

“அது கல்லுல இல்லை.”

நாச்சியார் டீ வாங்கப் போனார். திரும்பி வந்தபோது தணிகாசலத்தின் ஊசி மீனின் வாய்க்குள் இருந்தது. தாடை உடைந்திருந்தது. கன்னத்துக்குப் பின்னால் இருந்த ஒரு செதிலையும் காணவில்லை.

“உள்ளே ஏதாவது தெரியுதான்னு பார்த்தேன்,” என்றார் தணிகாசலம். ஊசியை வெளியே எடுத்தார்.

“தெரிஞ்சுதா?”

“வெறும் கல்லுதான்.”

நாச்சியார் டீயை மேசையில் வைத்தார். “தாடையை ஒட்டிக்கலாம். செதிலைத் தேடுவோம்.”

இருவரும் மண்டியிட்டுத் தரையெல்லாம் தேடினார்கள். கடைசியில் அது தணிகாசலத்தின் வியர்த்த மணிக்கட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“கண்டக்டர்கிட்டயே டிக்கெட் வாங்காம ஏறியிருக்கு,” என்றார் நாச்சியார்.

தணிகாசலம் லேசாகச் சிரித்தார்.

நாச்சியார் செதிலை லென்ஸுக்கு அடியில் வைத்தார். “பாருங்க. செதில் வளர வளர வருஷத்துக்கு ஒரு கோடு விழும். எண்ணுங்க.”

“ஏழு.”

“முதல் ரெண்டும்?”

“நெருக்கமா இருக்கு.”

“இரை கிடைக்கலை. அடுத்தது?”

“தள்ளி இருக்கு, டீச்சர். ரொம்பத் தள்ளி.”

“அந்த வருஷம் வயிறாரச் சாப்பிட்டிருக்கு.”

தணிகாசலம் நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

“கடைசி நாள் இதுல எங்கே இருக்கு?”

“ஓரத்துல.”

“ஒண்ணும் தெரியலையே.”

“ஒரு நாள்தானே ஐயா. கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு அதுக்கு அகலம் கிடையாது.”

அவர் லென்ஸிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “அவ தவிச்சாளான்னு மட்டும் தெரிஞ்சா போதும். வேற எதுவும் வேண்டாம்.”

நாச்சியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஒரு வருஷமா வர்றீங்க. செவ்வந்தி எப்படிப் போனாள்னு எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்னு இன்னும் தெரியாது, ஐயா.”