நீல மருந்தும் குடில் சாவியும்

மேல்கானல் மலையூரில் நடவுக்கு முந்தின வாரம், விதைப்பூண்டு வியாபாரி தர்மலிங்கம் மருந்து விற்க ஊரைக் கூட்டினார்.

"இந்த நீல மருந்துல ஒரு முக்கு! பூண்டுல இருக்கிற வைரஸ் எல்லாம் ஓடிடும்."

நோய் பரப்பும் பூச்சி நுழையாதபடி வலை போர்த்திய அவரது குடிலில் களையெடுக்கும் வெள்ளையம்மா எழுந்தாள். "மருந்து தோல்லதானே ஒட்டும்? நோய் பூண்டுக்கு உள்ள இருக்குதுங்களே, ஐயா."

தர்மலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "அப்படியா? உள்ள இருக்கிற நோயை இப்பவே இவங்க கண்ணுக்குக் காட்டு. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

வைரஸ் யார் கண்ணுக்குத் தெரியும்? கூட்டம் அவளுக்காகப் பரிதாபப்பட்டது.

வெள்ளையம்மா ஒரு விவசாயியின் கூடையிலிருந்து பத்துப் பூண்டு எடுத்தாள். போன போகத்தில் நோய் வந்து இலையெல்லாம் மஞ்சள் கோடு விழுந்த செடிகளின் பூண்டு அவை.

"இதை முக்குங்க, ஐயா."

அவர் முக்கி எடுத்தார்.

"நோய் போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு!"

"அப்ப சாவியைக் கொடுங்க. உங்க குடிலுக்குள்ள, சொந்த விதைப்பாத்தி நடுவுல நட்டுட்டு வரேன்."

தர்மலிங்கம் இடுப்புச் சாவியை இரு கையாலும் பொத்திக்கொண்டார். "ஐயையோ! அது ஆய்வகத்துல குருத்து நுனியிலேர்ந்து நோயே இல்லாம வளர்த்த பூண்டு! இதுலேர்ந்து நோய் பரவி எல்லாம் பாழாயிடுமே!"

"நோய் தெரியுதுங்களா?" என்று கூட்டத்தைக் கேட்டாள் வெள்ளையம்மா.

"நல்லாத் தெரியுது!" என்று ஊரே சிரித்தது.

அடுத்த போகத்துக்குள் ஆய்வகத்து நாற்று வாங்கி, ஊரே சேர்ந்து ஒரு வலைக்குடில் போட்டது. அதன் சாவி வெள்ளையம்மாவின் இடுப்பில் இருந்தது.