மார்க்கர் எத்திராஜ் ஆடிய ஒரு செட்

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டென்னிஸ் ஆடிய பெண்கள் அந்தக் காலத்துச் சென்னையில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ரூத் ஆசீர்வாதம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 1919ஆம் வருஷம் தொடங்கி ஏழு வருஷம் மாகாணக் கோப்பையை வேறு யாரும் தொடவில்லை.

எட்டாம் வருஷம், பெங்களூரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அவளை முக்கால் மணி நேரத்தில் தோற்கடித்தாள்.

மறுநாள் காலை ரூத் தன் இரண்டு மட்டைகளையும் எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனாள். எத்திராஜ் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் அங்கே மார்க்கர். சம்பளத்துக்கு இருந்து, அங்கத்தினர்களோடு ஆடி அவர்களைப் பழக்குவது வேலை. ரூத்தைவிட நாலு வயது இளையவர். அவளுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மற்றவர்கள் "ஏய் மார்க்கர்" என்று கூப்பிடுவார்கள். ரூத் மட்டும் மாஸ்டர் என்பாள்.

"இதை நீங்க வெச்சுக்குங்க, மாஸ்டர். எனக்கு இனிமே வேண்டாம்."

எத்திராஜ் கையை நீட்டவில்லை.

"ஒரு நாள் தோத்ததுக்கா அம்மா?"

"தோத்ததுக்கு இல்லை. கோப்பையை அந்தப் பொண்ணு கையில கொடுத்தாங்க. எல்லாரும் அவளைச் சுத்தி நின்னாங்க. நான் பெஞ்சுல உட்கார்ந்து ஷூவைக் கழட்டிட்டிருந்தேன். இத்தனை வருஷம் நான் ஆடினதா நினைச்சது பொய்யோன்னு தோணிடுச்சு. கோப்பை போனதும் என்கிட்ட ஒண்ணுமே இல்லை. ஏதாவது இருக்கா? நீங்களே சொல்லுங்க."

அவர் சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு செட் ஆடலாமா?"

"தினமும் ஆடினதுதானே."

"இல்லம்மா. இன்னிக்கு ஆடலாம்."

முதல் சர்வீஸ் அவளைத் தாண்டிப் போனபோது அவள் மட்டையை இன்னும் உயர்த்தியிருக்கவில்லை. கண்ணில் வெயில் பட்டுவிட்டது என்று நினைத்தாள். அடுத்ததும் அப்படியே போயிற்று.

பதினோரு வருஷமாக அவள் அறிந்த எத்திராஜ் பந்தை இடுப்பு உயரத்தில், அவள் கைக்கு வாகாக அனுப்புகிறவர். எதிர்ப்பக்கம் நின்றவரோ பந்தை அவள் இல்லாத இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள். ஒரு தடவை முழங்கால் சிராய்க்க விழுந்தாள். அவர் பதறி ஓடி வரவில்லை. அவள் எழுந்து நிற்கும்வரை காத்திருந்து அடுத்த பந்தைப் போட்டார்.

ஐந்தாவது ஆட்டத்தில் அவள் இடது பக்கத்திலிருந்து கோட்டை ஒட்டி ஒன்று அடித்தாள். எத்திராஜ் இரண்டு எட்டு ஓடி நின்றுவிட்டார்.

"பலே!" என்றார்.

ஆயிரம் தடவை அவர் வாயால் கேட்ட சொல்தான். ஆனால் அவர் இப்படி மூச்சுவாங்கிக்கொண்டு சொல்லி அவள் கேட்டதில்லை.

செட்டின் ஆறு ஆட்டமும் அவருக்கே. அவளுக்குக் கிடைத்தது மொத்தம் மூன்றே புள்ளிகள்.

ரூத் வலையருகே வந்து நின்றாள்.

"இந்தக் கிளப்புல உங்களை ஜெயிக்க ஆள் இல்லை. ஆம்பளைங்க கோப்பையை வெச்சிருக்கிற அந்த வெள்ளைக்கார துரையையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"இல்லைதான்."

"அப்போ ஏன் பந்தயத்துல இறங்கலை?"

"சம்பளம் வாங்கறவன் இறங்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"எங்ககிட்டயாவது காட்டியிருக்கலாமே?"

"உங்களுக்கு எட்டுற இடத்துல பந்தைப் போடத்தான் என்னை வெச்சிருக்காங்க."

"வருத்தமா இல்லையா மாஸ்டர்?"

"இருக்கு" என்றார் எத்திராஜ். கீழே கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ரூத்துக்குக் கண் கலங்கியது. தன் தோல்வி அப்போது அவள் நினைவிலேயே இல்லை.

"இப்படி ஒரு ஆட்டம்! யாருக்குமே தெரியாமப் போயிடுச்சே!"

எத்திராஜ் ஒரு பந்தை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"உங்களுக்கு இன்னிக்குத்தாம்மா தெரிஞ்சுது. நேத்தும் இது என்கிட்ட இருந்தது."