குறுக்கே ஒரு கேள்வி

"மிஸ், பதில் எல்லாம் என்கிட்ட சரியாத்தான் இருக்கு. அவங்கதான் கேள்வியை மாத்தி மாத்திக் கேக்குறாங்க" என்றார் காளிராஜ்.

ஜெசிந்தா ராஜபாளையத்தில் ஓர் உரக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். காளிராஜின் மூத்த மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். ஆனாலும் குரு குருதான். அவள் முன்னால் அவர் கை கட்டித்தான் நிற்பார்.

அவர் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த மில்லை மூடிவிட்டார்கள். சூப்பர்வைசர் வேலைக்கு எங்கே போனாலும் இங்கிலீஷ் கேட்கிறார்கள். நாளைக்குக் கோவையில் ஒரு மில்லில் இன்டர்வியூ. இதுவும் போனால் சின்னவளின் காலேஜ் படிப்பு பாதியில் நிற்கும். மனுஷன் சரியாகத் தூங்கியே நாளாகிறது.

"போன தடவை என்னண்ணே ஆச்சு?"

"நல்லாத்தான் போச்சு மிஸ். மனப்பாடம் பண்ணினதைக் குட் மார்னிங் சார்ல ஆரம்பிச்சுக் கடகடன்னு சொல்லிக்கிட்டு வந்தேன். பாதியில அந்த ஆபீசர் குறுக்க ஏதோ கேட்டுட்டார்."

"நீங்க?"

"விட்ட இடம் பிடிபடல. திரும்ப குட் மார்னிங்ல இருந்து ஆரம்பிச்சேன்."

"அவர்?"

"அவரும் திரும்ப குட் மார்னிங் சொன்னார். பாவம், நல்ல மனுஷன்."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள். தன் நாற்காலியைக் காட்டினாள்.

"இன்னிக்கு நீங்க ஆபீசர். இங்கிலீஷ்லதான் பேசணும்."

வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் காளிராஜ். மை ஒய்ஃப் இஸ் எ ஹவுஸ்வைஃப். மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்டு ஒர்க்..."

காளிராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓர் எழுத்து பிசகாமல் அவருடைய பதிலேதான். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கொட்டாவி வந்தது.

"ஸ்டாப்" என்றார். "மெஷின் நாட் ரன்னிங். வாட் யூ டூ?"

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் காளிராஜ்."

"நேம் ஓக்கே. மெஷின் ஸ்டாப். வாட் யூ டூ?"

"குட் மார்னிங் சார்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இப்படி ஓர் ஆளை எவன் வேலைக்கு வைப்பான்?

"யூ கோ" என்றார். "நெக்ஸ்ட் மேன் கம்."

ஜெசிந்தா போகவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தான் யாரை வெளியே அனுப்பினோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து வெளியே போனார். கதவைத் தட்டினார்.

உள்ளே வந்தபோது நாற்காலியில் அவள் இருந்தாள்.

"மெஷின் ஸ்டாப். வாட் யூ டூ?"

குட் மார்னிங் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"ஃபர்ஸ்ட் ஐ சீ... எனிபடி ஹேண்ட் இன்சைட்?"

மெஷினுக்குள் யார் கையாவது மாட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாராம். ஜெசிந்தா இதை எதிர்பார்க்கவில்லை. மில்லுக்குள் அவள் போனதே கிடையாது.

"நோ ஹேண்ட்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தென்?"

காளிராஜ் வாயைத் திறந்தார், மூடினார். மேலே பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.

பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கலாம் என்று அவள் வாயெடுத்தாள்.

அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வெயிட் சார். ஐ ஆம் திங்கிங்."