மோதிரத்துக்கு ஈடு

மந்தைப்பாறை ஊர்க்காரர்கள் யார் வம்புக்கும் போகாதவர்கள். ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அன்று ஆவுடையம்மாள் மகள் வடிவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரத்தை விடிந்ததும் பக்கத்து ஊர் ஆசாரியிடம் வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, புருஷன் பலவேசத்தோடும் தம்பி கொம்பையாவோடும் நடந்தே திரும்பிக்கொண்டிருந்தாள். "முருகா, மோதிரம் பத்திரமா வீடு சேரணும்" என்று வழியெல்லாம் வேண்டுதல்.

கொம்பையாவின் போனில் புது விளையாட்டு ஒன்று இருந்தது. யாரோ காட்டில் ஒரு டப்பாவை ஒளித்துவைப்பார்களாம். போன் வழி காட்டுமாம். நடந்துபோய்த் தேடி எடுக்க வேண்டுமாம்.

"போற வழியிலதான் ஒண்ணு கெடக்குக்கா. அம்புக்குறி நேரா காட்டுது."

நேராகக் காட்டியதால் நேராகவே போனார்கள். நடுவில் ஒரு வீடு வந்தது. வாசலில் நுழைந்து, அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தவளிடம், "கொஞ்சம் தள்ளிக்கோ தாயி, அம்பு ஓன் மேலதான் போகுது" என்று பக்குவமாகச் சொல்லிப் புறவாசல் வழியே வெளியேறினார்கள்.

பாறை இடுக்கில் டப்பா இருந்தது. கொம்பையா போனில் விளையாட்டின் சட்டத்தை வாசித்தான்.

"ஒரு பொருளை எடுத்தா, அதுக்குச் சமமாவோ ஒசத்தியாவோ ஒரு பொருளை வைக்கணும். யார் கண்ணுலயும் படாம செய்யணும்."

"நம்ம கண்ணும் கண்ணுதானே?" என்றார் பலவேசம்.

மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். பலவேசம் துழாவி எடுத்தது ஒரு விசில். ஆவுடையம்மாள் சுருக்குப்பையைத் துழாவி, கைக்கு அகப்பட்டதை உள்ளே போட்டு மூடி, டப்பாவுக்கு ஒரு கும்பிடும் போட்டாள்.

வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மோதிரத்தைக் கேட்டார்கள். சுருக்குப்பையில் பாக்கு மட்டும்தான் இருந்தது. ஆவுடையம்மாள் பையை உதறிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இந்தா வந்திருதோம்!"

மூவரும் ஓடினார்கள். இந்தத் தடவை அம்பு குளத்தின் மேல் போனது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறி, டப்பாவைத் திறந்தார்கள். அவசரமானபடியால் ஆளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்கள். மோதிரம் மினுங்கியது. ஆவுடையம்மாள் கையை நீட்டினாள்.

"நில்லுக்கா! எடுத்தா வைக்கணும்லா?"

"விசிலை வச்சிருவோம்."

"விசில் தங்கத்துக்குச் சமமா? நீயே சொல்லு."

அந்தப் பொட்டல்காட்டில் தங்கத்தைவிட ஒசத்தியாக என்ன இருக்கிறது? நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. கொம்பையா சுற்றுமுற்றும் பார்த்தான். பார்வை அத்தான் மேல் நின்றது.

"அக்கா, அத்தான் ஒசத்தியா, மோதிரம் ஒசத்தியா?"

மோதிரம் என்று சொன்னால் தாலிக்கு ஆகாது. "அவியதான்" என்றாள்.

பலவேசம் அவள் பக்கம் திரும்பினார். "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்க, ஆவுடை."

டப்பாவுக்குள் அவருடைய கால் கட்டைவிரல்தான் நுழைந்தது. நுழைந்தவரைக்கும் போதும் என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

மோதிரம் மாப்பிள்ளை விரலில் ஏறியது. ஆவுடையம்மாளுக்கு மூச்சு வந்தது.

"தட்டு மாத்தணும். பொண்ணோட அப்பா வரட்டும்" என்றார் சம்பந்தி.

வந்த மூச்சு நின்றது. தம்பியை ஓடச் சொல்லிவிட்டுச் சாமி படத்தின் முன்னால் நின்றாள். "முருகா, அவியளையும் கொண்டுவந்து சேத்துரு."

கொம்பையா சட்டையில்லாமல் திரும்பிவந்தான். கையில் தலை வாரும் சீப்பு ஒன்று.

"அத்தானைக் காணும்க்கா. வேற யாரோ டப்பா தேடி வந்திருக்காவ. அத்தானை எடுத்துக்கிட்டு இதை வச்சிட்டுப் போயிட்டாவ. இதை எடுத்ததுக்கு நான் சட்டையை வச்சிட்டு வாரேன்."

"சீப்பாடா?" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அழாதக்கா. சட்டப்படி இது அத்தானுக்குச் சமம். இல்லேன்னா ஒசத்தி."

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீப்பை மணையில் உட்காரவைத்து, தோளுக்குத் துண்டு போட்டு, நெற்றி எந்தப் பக்கம் என்று நிதானித்துத் திருநீறு பூசினாள். வடிவு விழுந்து கும்பிட்டாள். தட்டு மாறியது.

சம்பந்தி தம் மனைவியின் காதருகே குனிந்தார்.

"எவ்வளவு அமைதியான மனுசன், பாத்தியா! முதல் பந்தியில எனக்குப் பக்கத்து இலையை அவருக்குப் போடச் சொல்லு."